கெடு வைக்கப்பட்ட பாடகர்

நமக்கெல்லாம் கெடு என்றால் என்ன? ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கக் கடைசி நாள், பரீட்சை ஃபீஸ் கட்டக் கடைசி நாள். தவறினால் ஃபைன் கட்டிச் சமாளித்து விடுகிறோம். ஆனால் சின்ன வயசிலேயே காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பையன், டாக்டர் தன் வீட்டாரிடம் பேசுவதை ஒட்டுக் கேட்டுவிட்டான். இவன் பதினாறு வயசைத் தாண்டுவது கஷ்டம் என்கிறார் டாக்டர். அந்தக் கெடுவுக்கு ஃபைன் கட்ட முடியுமா?

அந்தப் பையன்தான் பின்னாளில் உலகம் அறிந்த பாபி டாரின். 1936 மே 14-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்தார். இயற்பெயர் வால்டன் ராபர்ட் கஸாட்டோ. இத்தாலிய வம்சாவளி, பரம ஏழைக் குடும்பம். தாத்தா சின்ன அளவில் தாதாக்களோடு பழக்கம் வைத்திருந்து, சிறையிலேயே செத்துப் போனவர். வீட்டில் அம்மா பாலி, அக்கா நினா. பாலி ஒரு காலத்தில் மேடையில் பாடி ஆடியவர். படுக்கையில் கிடந்த பையனுக்குப் பாட்டும் இசையும் ஊட்டியது அவர்தான்.

அந்தக் காய்ச்சலின் பெயர் ருமாட்டிக் ஃபீவர். சாதாரணத் தொண்டை வலியில்தான் ஆரம்பிக்கும். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் சக்தியே திரும்பி வந்து இதயத்தின் வால்வுகளைக் கெடுத்துவிடும். மெக்கானிக்கல்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக உட்காரவில்லை என்றால் தண்ணீர் திரும்ப ஒழுகும், பம்ப் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். இதயத்திலும் அதே கதைதான். பென்சிலின் பொதுமக்களுக்குத் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்தது 1945-ல். பாபி முதன்முதலில் படுத்தது எட்டு வயசில், அதற்குக் கொஞ்சம் முன்னால்! அதன் பிறகும் அந்தக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து தாக்கியது.

படிப்பில் பாபி கெட்டி. நுழைவுத் தேர்வு எழுதித்தான் உள்ளே போக முடியும் என்கிற பிராங்க்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்தார். பியானோ, டிரம்ஸ், கிதார் எல்லாம் கைக்கு வந்தன. பிறகு ஹன்டர் கல்லூரியில் சேர்ந்து, பாதியிலேயே விட்டுவிட்டார். (இதைக் காட்டி யாரும் வீட்டில் வாதம் செய்ய வேண்டாம்! அவர் கையில் இருந்த காலண்டர் வேறு, நம் காலண்டர் வேறு.)

டாரின் என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்கு அவரே ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை சொன்னார். 'மாண்டரின்' என்ற பெயர்ப் பலகையில் முதல் எழுத்துகளின் விளக்கு அணைந்திருந்தது, மிச்சத்தை எடுத்துக்கொண்டேன் என்பது அதில் ஒன்று. எனக்குப் பிடித்த கதையும் அதுதான்.

1956-ல் ஒரு கம்பெனியில் பாடினார், எடுபடவில்லை. அட்லாண்டிக் கம்பெனியின் கிளையான அட்கோவுக்கு மாறினார். அங்கேயும் முதல் தட்டுகள் ஓடவில்லை. 1958-ல் வந்தது 'ஸ்ப்ளிஷ் ஸ்ப்ளாஷ்'. குளியல் தொட்டியில் குளித்துக்கொண்டிருக்கிறவன், வெளியே வந்து பார்த்தால் வீட்டில் பார்ட்டி நடக்கிறது! அவ்வளவுதான் பாட்டு. ஆனால் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஒலிப்பதிவு செய்த டாம் டௌட் இயற்பியல் படித்தவர், அணுகுண்டு தயாரித்த மன்ஹாட்டன் திட்டத்தில் வேலை பார்த்தவர். எட்டு டிராக் டேப் மெஷின் அப்போதுதான் அட்லாண்டிக் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தது. டிரம்ஸ் ஒரு டிராக்கில், குரல் இன்னொன்றில் என்று தனித்தனியே பிடித்து, பிறகு அளவு பார்த்துச் சேர்க்கலாம். எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு இது பெருமைதானே!

இப்போது பாபி ராக் அண்டு ரோல் நட்சத்திரம். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கத்துகிறார்கள். இதே மாதிரி பத்துப் பாட்டு பாடினால் காசு கொட்டும். ஆனால் அவர் கணக்கு வேறு. டீன் ஏஜ் பிள்ளைகளின் ரசனை ஆறு மாதத்தில் மாறும். அப்புறம் யார் நம்மை ஞாபகம் வைத்திருப்பார்கள்? காத்திருந்து பார்க்க அவருக்கு நேரம் கிடையாது. எடுத்தார் ஒரு முடிவு: பெரிய ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துக்கொண்டு பழைய ஜாஸ் ஸ்டாண்டர்டுகளைப் பாடப் போகிறேன்!

ஸ்டாண்டர்டு என்றதும் நமக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரைதான் ஞாபகம் வரும். இது வேறு. நாடகத்திலோ படத்திலோ பிறந்து, பிறகு யார் வேண்டுமானாலும் தன் பாணியில் பாடலாம், வாசிக்கலாம் என்று பொதுச் சொத்து மாதிரி ஆகிவிட்ட பாட்டுக்கு ஸ்டாண்டர்டு என்று பெயர். பாட்டு ஒன்றுதான், பாடுகிற ஆள்தான் பரீட்சை எழுதுகிறான். ஃபிராங்க் சினாட்ரா போன்ற ஜாம்பவான்கள் ஆண்டுகொண்டிருந்த இடம் அது. 22 வயசுப் பையன் உள்ளே நுழைந்தால் சிரிக்க மாட்டார்களா? ஆர்க்கெஸ்ட்ராவும் லேசுப்பட்டதில்லை. டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் என்று ஊதுகிறவர்களே ஒரு பட்டாளம். குரல் கொஞ்சம் தளர்ந்தாலும் அமுக்கிவிடுவார்கள்.

1958 டிசம்பர் 19. நியூயார்க் ஃபுல்டன் ஸ்டுடியோ. பாட்டு 'மேக் த நைஃப்'. இதன் கதை தனிக் கதை. பெர்ட்டோல்ட் பிரெக்ட் எழுதி கர்ட் வைல் இசையமைத்து, 1928-ல் பெர்லினில் மேடையேறிய 'த்ரீ பென்னி ஆபரா' நாடகத்தில் வரும் பாட்டு அது. கத்தியோடு திரியும் ஒரு கொலைகாரனின் கணக்கைச் சொல்கிறது. லூயி ஆம்ஸ்ட்ராங் ஏற்கெனவே அதைப் பாடிப் பெயர் வாங்கியிருந்தார். டெலிவிஷன் புகழ் டிக் கிளார்க், ஆபரா பாட்டெல்லாம் ராக் அண்டு ரோல் ரசிகர்களிடம் எடுபடாது, வேண்டாம் என்று பாபியிடம் சொன்னார். நல்ல எண்ணத்தில் சொன்ன புத்திமதிதான். பாபி கேட்கவில்லை.

இசைக்கோர்ப்பு ரிச்சர்டு வெஸ். ஆரம்பத்தில் பாஸும் லேசான தாளமும் மட்டும்தான். பாபி ஏதோ தெருமுனையில் நின்று வம்பு பேசுகிற மாதிரி சாவகாசமாக ஆரம்பிக்கிறார். பிறகு சுருதி அரைக்கட்டை ஏறுகிறது. இன்னொரு அரைக்கட்டை. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பின்னால் ஊதுகுழல்கள் கூடுகின்றன. பாட்டு முடிவதற்குள் ஐந்து தடவை ஏறிவிடுகிறது. மொத்தம் மூன்று நிமிஷம்தான்! ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர்கள் கட்டை மாற்றிப் பாடிப் பாருங்கள், மூச்சு வாங்கும். அந்த மனிதரோ கோளாறான வால்வை வைத்துக்கொண்டு, ஏதோ மாடிப்படி ஏறுகிற மாதிரி சிரித்துக்கொண்டே ஏறுகிறார். கேட்கிற நமக்கு அந்தக் கஷ்டம் ஒரு துளிகூடத் தெரியாது. எனக்கு அந்தப் பாட்டில் பெரிய ஆச்சரியமே அதுதான்.

'தட்ஸ் ஆல்' என்ற அந்த ஆல்பம் 1959 மார்ச்சில் வந்தது. சார்ல் திரெனே என்ற பிரெஞ்சுக்காரரின் 'லா மேர்' பாட்டு, இங்கிலீஷில் 'பியாண்ட் த சீ' என்று அதில்தான் இருக்கிறது. 'மேக் த நைஃப்' பாட்டைத் தனித் தட்டாக விட பாபிக்கே தயக்கம் இருந்ததாம்! விட்டார்கள். அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடம். நவம்பரில் கிராமி விழாவில் அந்த ஆண்டின் சிறந்த இசைத்தட்டு, சிறந்த புதுக் கலைஞர் என்று இரண்டு விருதுகள். அவரைப் பாடகராக்கிய பாலி அந்த ஆண்டிலேயே கண்ணை மூடிவிட்டார்.

அப்புறம் ஓட்டம்தான். நியூயார்க் கோப்பகபானா கிளப்பில் கூட்டம் தாங்கவில்லை. 25 வயசுக்குள் சரித்திரத்தில் இடம் பிடிக்கவேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார். திமிர் பிடித்தவர் என்று பத்திரிகைகள் எழுதின. அவருக்கு ஏன் அந்த அவசரம் என்று நமக்குத் தெரியும். 1960 டிசம்பரில் நடிகை சாண்ட்ரா டீயைக் கல்யாணம் செய்துகொண்டார், அடுத்த ஆண்டு ஒரு மகன். 1963-ல் வந்த 'கேப்டன் நியூமன், எம்.டி.' படத்துக்குத் துணை நடிகருக்கான ஆஸ்கார் பரிந்துரை. மேடையை விட்டு இறங்கினால் ஆக்சிஜன் சிலிண்டர்! 1967-ல் விவாகரத்து.

1968-ல்தான் பெரிய இடி விழுந்தது. அரசியலில் இறங்குவது பற்றி அவர் யோசித்த நேரம். இனிமேல் மறைக்க முடியாது என்று நினா உண்மையைச் சொன்னார். அக்கா என்று 32 வருஷம் நினைத்திருந்த நினாதான் பெற்ற தாய். அம்மா என்று நினைத்த பாலி, பாட்டி. கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளை என்ற பேச்சு வரக்கூடாது என்று இரண்டு பெண்களும் சேர்ந்து செய்த ஏற்பாடு. அவர்கள் செய்ததை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. ஆனால் கேட்டவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! அதே ஜூன் மாதம், அவர் பிரசாரம் செய்த ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டார். பாபி சொத்தை விற்றுவிட்டு, பிக் சர் என்ற கடற்கரைப் பக்கம் போய் ஒரு டிரெய்லர் வண்டியில் குடியிருந்தார். கோட்டு சூட்டு, டோப்பா எல்லாம் போய், ஜீன்ஸும் கிதாரும் வந்தன. போர் வேண்டாம் என்று சொந்தமாகப் பாட்டு எழுதினார். கிளப்புக்கு வந்தவர்கள் பழைய பாபியைத்தான் கேட்டார்கள்.

1971-ல் இதயத்தைத் திறந்து இரண்டு செயற்கை வால்வுகள் வைத்தார்கள். திரும்ப எழுந்து, திரும்பக் கோட்டு மாட்டி, ஆர்க்கெஸ்ட்ரா முன்னால் நின்றார். 1973-ல் டெலிவிஷனில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி நடந்தது.

முடிவு வந்தது பல் டாக்டர் வழியாக. செயற்கை வால்வு உள்ளவர்கள் பல் சிகிச்சைக்கு முன்னால் ஆன்டிபயாட்டிக் மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஈறு வழியாக ரத்தத்தில் கலக்கும் கிருமி நேராக வால்வில் போய் உட்கார்ந்துவிடும். பாபி அந்த மாத்திரையைப் போடவில்லை. ரத்தத்தில் கிருமி பரவி, ஒரு வால்வு கெட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் மணிக்கணக்காக ஆபரேஷன் நடந்தது. 1973 டிசம்பர் 20-ல் இறந்தார். வயசு 37. டாக்டர் வைத்த கெடுவைவிட 21 வருஷம் கூடுதல்.

அவருக்குக் கல்லறை கிடையாது. அவருடைய விருப்பப்படி உடலை அங்கேயுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, ஆராய்ச்சிக்காகக் கொடுத்துவிட்டார்கள்.