பயிற்றுநர் டேவிட் பாவர்

உறைந்த பனித்தளத்தில், காலில் சறுக்குக் காலணியும் கையில் வளைகோலும் கொண்டு, பந்துக்கு மாறாக ரப்பர் வட்டை அடித்து ஆடுவது ஐஸ் ஹாக்கி. கனடா நாட்டுச் சிறுவர்க்கு அவ்வாட்டம் உயிர். 1924ஆம் ஆண்டு ஒன்றாரியோ மாகாணத்தின் வாட்டர்லூ நகரில் பிறந்த டேவிட் பாவருக்கும் அப்படியே. அண்ணன் பாபி, பாஸ்டன் அணியின் புகழ்பெற்ற வீரர். அவ்வணியின் அழைப்பு பதின்ம வயதிலேயே தம்பிக்கும் வந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காமல் போகலாகாது எனத் தந்தை தடுத்தார். டேவிட்டின் மனம் கசந்தது. உலகப் போர் மூண்டிருந்த அக்காலத்தில் அவருடைய சிந்தனை வாழ்வின் பொருளை நாடியது. 1944இல் ஓஷாவா அணியில் ஆடி இளையோருக்கான மெமோரியல் கோப்பையை வென்றவர், பின்னர்த் துறவறம் பூண்டு 1953இல் குருவானார்.

டொராண்டோ நகரின் புனித மைக்கேல் பள்ளியில் ஆசிரியராகவும் பயிற்றுநராகவும் அவர் விளங்கினார். அந்நாளில் தொழில்முறைக் கூட்டமைப்பில் இருந்தவை ஆறே அணிகள். ஏறத்தாழ 120 இடங்கள். அவற்றை நம்பி நாடெங்கும் ஆயிரக்கணக்கான சிறுவர்கள் படிப்பைத் துறந்தனர். இடம் கிடைக்காதவர்களின் எதிர்காலம் என்ன என்பதே பாவரை வாட்டிய வினா. 1961இல் அவர் பயிற்றுவித்த பள்ளி அணி மெமோரியல் கோப்பையை வென்றது. ஆனால் ஆட்டங்களின் எண்ணிக்கை பெருகிப் படிப்பைக் கெடுப்பதையும் முரட்டுத்தனம் மிகுவதையும் கண்ட பள்ளி, வென்ற அதே ஆண்டில் போட்டித் தொடரிலிருந்து விலகியது. வாகை சூடிய கையோடு விலகுவது எளிதன்று.

வான்கூவருக்கு மாற்றப்பட்ட பாவர், அங்குப் புதியதொரு திட்டத்தை முன்வைத்தார். ஏதேனும் ஒரு மன்ற அணியை ஒலிம்பிக்கிற்கு அனுப்பும் வழக்கத்தை விடுத்து, கல்லூரி மாணவர்களைத் திரட்டி நாட்டின் அணியை உருவாக்குவதே அது. மாணவர்கள் பல்கலைக்கழக வளாகத்தில் ஒன்றாகத் தங்கிப் பாடமும் பயின்றனர், பயிற்சியும் பெற்றனர்.

1964இல் இன்ஸ்பிரக் ஒலிம்பிக்கில் ஸ்வீடனுடன் ஆட்டம். ஸ்வீடன் வீரர் ஓபெர்க் வீசிய உடைந்த கோல், ஆடுகளத்தின் ஓரத்தில் இருந்த பாவரின் நெற்றியைக் கிழித்தது. குருதி வழிய நின்ற அவர், சினந்தெழுந்த தம் மாணவர்களைத் தடுத்து நிறுத்தினார். பழிவாங்கப் புகுந்திருந்தால் ஆட்டமே சிதைந்திருக்கும். கனடா 3-1 என வென்றது. மறுநாள் வேறோர் ஆட்டத்தைக் காண ஓபெர்க்கை அழைத்துத் தம் அருகில் அமர்த்திக்கொண்டார் பாவர். இப்பண்பிற்காக அவருக்குத் தனியே தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. அணிக்கோ பதக்கமில்லை. இறுதி ஆட்டத்தில் சோவியத் ஒன்றியத்திடம் 2-3 எனத் தோற்றது. வெற்றி தோல்விகளில் மூன்று நாடுகள் சமநிலையில் இருந்தும், கோல் கணக்கு கனடாவை நான்காம் இடத்திற்குத் தள்ளியது. வெண்கலமாவது கிடைக்கும் என நம்பிய மாணவர்களுக்கு அது தாங்கொணா ஏமாற்றம்.

1968இல் வெண்கலம் கிட்டியது. 1970இல் கனடா பன்னாட்டுப் போட்டிகளிலிருந்து விலகவே அவ்வணி கலைந்தது. பதக்கக் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் இத்திட்டத்தைத் தோல்வி என்பர். பாவர் வைத்திருந்த கணக்கு வேறு. அவருடைய வீரர்களுள் ரோஜர் பூர்பொன்னே வழக்கறிஞரானார். டெரி ஓமாலி ஆசிரியரானார். 1980 ஒலிம்பிக்கிற்காக மீண்டும் தேசிய அணி திரட்டப்பட்டபோது அதன் பொறுப்பாளர்களுள் பாவரும் ஒருவர். இளைஞர் நிறைந்த அவ்வணியில் 39 வயது ஓமாலியும் களமிறங்கினார். பாவர் 1988இல் மறைந்தார்.