வெற்றிடங்கண்ட நகரத் தலைவர்: ஆட்டோ வான் கெரிக்கே

வைத்தியசாலைகளில் நோயாளியின் கட்டிலருகே ஒரு சிறு யந்திரம் நிற்பதைக் கண்டிருப்போம். மூடியிட்ட ஒரு சாடி, அதனின்று புறப்படும் இரண்டு ரப்பர்க் குழாய்கள், அழுத்தங் காட்டும் ஒரு முள் ஆகிய இவையே அதன் கண்ணுக்குத் தெரியும் உறுப்புகள். தன் வலியால் இருமிச் சளியை வெளியேற்ற இயலாது மூச்சுத் திணறும் ஒருவனது தொண்டையில் தாதி மெல்லிய குழலொன்றை இட்டு அந்த யந்திரத்தை இயக்குவாளாயின், சில விநாடிகளில் அடைப்பு நீங்கி மூச்சு மீளும். சக்ஷன் யந்திரமென வழங்கும் இக்கருவியைக் கையாளுவோர் பலர். அதற்கு மூலமான உண்மையைச் செய்து காட்டியவர் இன்னாரென அறிந்தோர் சிலரே. அவர் வைத்தியருமல்லர், கல்லூரிப் பேராசிரியருமல்லர். போரினாற் சாம்பலாகிய ஒரு நகரத்தை மீண்டும் எழுப்பத் தம் வாழ்நாளெல்லாம் உழைத்த நகரத் தலைவர். அவருடைய சரித்திரத்தைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜெர்மனி தேசத்தில் எல்பே நதிக்கரையிலுள்ள மாக்டபர்க் நகரில், பழைய பஞ்சாங்கக் கணக்கின்படி 1602-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 20-ஆம் நாள், ஆட்டோ கெரிக்கே பிறந்தார். அவர் பிறந்த குடி அந்நகரத்து ஆட்சியிற் பழம்பெயர் பெற்ற செல்வக் குடி. லைப்சிக், ஹெல்ம்ஸ்டட், யேனா என்னும் சர்வகலாசாலைகளிற் பயின்று, பின்னர் ஹாலந்து தேசத்து லைடன் நகர் சென்று, சட்டத்தோடு கணிதமும் கோட்டை கட்டும் கலையுங் கற்றார். கல்வி முடிந்து ஊர் மீண்ட அவர், 1626-இல் விவாகஞ் செய்துகொண்டு, அவ்வாண்டிலேயே நகரசபையில் அங்கத்தினரானார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. இனி அமைதியாய் வாழலாமென அவர் எண்ணியிருப்பின், அவ்வெண்ணம் ஐந்தாண்டுகளுக்குள் அழிந்தது.

முப்பதாண்டுப் போர் என வழங்கும் பெரும்போர் அந்நாளில் ஜெர்மனியைப் பாழாக்கிக் கொண்டிருந்தது. 1631-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள், சக்கரவர்த்தியின் சேனை டில்லி என்னும் தளபதியின்கீழ் மாக்டபர்க் மதிலைக் கடந்து உட்புகுந்தது. கொள்ளையும் கொலையும் நெருப்பும் ஒருங்கே நிகழ்ந்தன. ஏறக்குறைய இருபதினாயிரம் பேர் மாண்டனரென்பர். மறு ஆண்டில் எண்ணிப் பார்த்தபோது அந்நகரில் எஞ்சியிருந்தோர் 449 பேரே. கெரிக்கே வீடும் பொருளும் இழந்து குடும்பத்தோடு சிறைப்பட்டு, மீட்புப்பணம் கொடுத்தே விடுதலை பெற்றார். பின்னர் எர்பர்ட் நகரில் ஸ்வீடன் அரசரது சேனைக்குக் கோட்டை வேலை செய்யும் பொறியியலாளராய்ச் சிறிது காலம் பிழைத்தார். ஆயினும் பாழூரை அவர் கைவிட்டாரல்லர். 1632-இல் திரும்பிவந்து, இடிபாடுகளுக்கிடையே தெருக்களை அளந்து, நகரை மீளக் கட்டுவதற்குரிய திட்டப்படம் வரைந்தார். 1646-இல் நகரத் தலைவருள் ஒருவராகத் தெரிந்தெடுக்கப்பட்டு, ஏறக்குறைய முப்பதாண்டுகள் அப்பதவியை வகித்தார். தம் ஊருக்குப் பழைய சுதந்திரத்தை வேண்டி ஆஸ்னாபுரூக், வியன்னா, ரீகன்ஸ்பர்க் முதலிய நகரங்களுக்குத் தூது சென்று, மன்னர் வாயில்களில் மாதக்கணக்காய்க் காத்திருந்தார்.

இங்ஙனம் ஓயாத அலுவல்களுக்கிடையே அவருள்ளத்தை ஒரு கேள்வி பற்றியிருந்தது. வெற்றிடம் என ஒன்று உண்டோ, இல்லையோ? பழைய தத்துவ நூலோர், இயற்கை வெற்றிடத்தை வெறுக்குமாதலின் அஃது இருத்தல் இயலாதென்றனர். கோப்பர்னிக்கஸ் வகுத்தவாறு கிரகங்கள் எல்லையற்ற வெளியிற் சுழலுமாயின், அவ்வெளியில் நிரம்பியிருப்பது யாது என்று கெரிக்கே வினவினார். சொல்லாலே வாதிட்டு முடிவு காணுதல் இயலாதெனக் கண்டு, தம் சொந்தச் செலவிற் பரீட்சை செய்யத் தொடங்கினார். இத்தாலியில் டாரிசெல்லி பாதரசக் குழலைக்கொண்டு கண்ட உண்மையை அவர் அப்போது அறியார்.

முதலில் ஒரு மரப்பீப்பாயில் நீரை நிரப்பி இறுக மூடி, தீயணைக்குங் கருவிபோன்ற பித்தளைப் பம்பினால் அந்நீரை அடியினின்று வெளியே இழுப்பித்தார். நீர் நீங்கிய இடம் வெற்றிடமாதல் வேண்டுமன்றோ? ஆயின், வலிய ஆட்கள் தண்டை இழுக்க இழுக்க, மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று ஓசையிட்டு உட்புகுந்தது. பின்னர்ச் சிறு பீப்பாயைப் பெரிய பீப்பாயின் நீருக்குள் அமிழ்த்திவைத்து முயன்றார். அதிலும் மரம் கசிந்தது. மூன்றாவதாகச் செப்புக் கோளம் ஒன்று செய்வித்து, நீரை விடுத்துக் காற்றையே நேரே இழுக்கலானார். வேலை முடியுந் தறுவாயில் கோளம் பேரொலியோடு நசுங்கிற்று. கூடியிருந்தோர் அஞ்சினர். கெரிக்கே அஞ்சாது காரணத்தை ஆராய்ந்து, கோளம் நன்கு உருண்டு திரளாமையே குற்றமெனத் தெளிந்து, திருத்தமான மற்றொன்றைச் செய்வித்தார். அதிற் காரியம் கைகூடிற்று. பம்பின் மூட்டுகளில் இம்மியும் காற்றுப் புகாதபடி, அவற்றைச் சுற்றி நீர் நிற்கச் செய்ததும் அவர் கண்ட உபாயமே.

இதனால் விளங்கிய உண்மை யாதெனில், உறிஞ்சுதல் என்பதொரு தனிச்சக்தி அன்று. குழலுக்குள் அழுத்தம் குறையுங்கால், புறத்தேயுள்ள காற்று தன் பாரத்தினால் எதிர்ப்பட்டதை உள்ளே தள்ளுகின்றது. இளநீரைக் குழலிட்டுப் பருகும் சிறுவனுக்கும் அதனை வாய்க்குள் ஏற்றித் தருவது ஆகாயக் காற்றின் பாரமே. அப்பாரம் கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் உயரமுள்ள பாதரசத்தை, அல்லது ஏறக்குறைய 10 மீட்டர் உயரமுள்ள நீரைத் தாங்கவல்லது. அதற்குமேல் எத்துணை வலிய பம்பும் நீரை உறிஞ்சி ஏற்றாது. கெரிக்கே தம் வீட்டுச் சுவரில் மாடிவரை உயர்ந்த நீர்க்குழலொன்றை அமைத்து, நீரின்மேல் ஒரு சிறு மரப்பாவையை மிதக்கவிட்டு, அது ஏறி இறங்குவதைக்கொண்டு வானிலை மாறுதலை அறிந்தார். 1660-இல் வந்த பெரும்புயலை அங்ஙனமே முன்னறிந்து கூறினார்.

1654-இல் ரீகன்ஸ்பர்க் மாநகரில் சக்கரவர்த்தி மூன்றாம் பெர்டினாண்டும் பிரபுக்களும் முன்னிலையில் தம் பரீட்சைகளைச் செய்து காட்டினார். மூன்று ஆண்டுகளின் பின் தம் ஊரிலேயே உலகம் மறவாத காட்சி ஒன்று நிகழ்ந்தது. சுமார் அரை மீட்டர் குறுக்களவுள்ள இரண்டு செப்பு அரைக்கோளங்களை, மெழுகும் டர்ப்பெண்டைனும் ஊட்டிய தோல்வளையம் ஒன்றை இடையே வைத்துப் பொருத்தி, உள்ளிருந்த காற்றை வெளியேற்றினார். ஆணியும் பசையும் இல்லை. ஆயினும் பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரைகள் பூட்டி இழுத்தும் அவை எளிதிற் பிரிந்தில. குழாயைத் திறந்து காற்றை உட்புகவிட்ட மாத்திரத்திற் கையாலேயே பிரிந்தன. அவற்றை இறுகப் பிடித்து நின்றது இரண்டாயிரம் கிலோகிராம் அளவான காற்றுப்பாரம். இப்பரீட்சைகளைக் காஸ்பர் ஷாட் என்னும் குரு தம் நூலில் 1657-இல் வெளியிட, அதனை அறிந்த ராபர்ட் பாயில் இங்கிலாந்தில் ஹூக் என்பவரது துணையால் 1659-இல் மேலானதொரு காற்றுப்பம்பு அமைத்தார்.

நிற்க, இப்பம்பு வைத்தியத்துக்கு வந்தவாறு காண்போம். பிரெஞ்சு வைத்தியரான டியூலபாய் 1869-இல், முன்னரே வெற்றிடமாக்கிய குழலோடு மெல்லிய ஊசியைச் சேர்த்து, உடலினுள் தேங்கிய சீழையும் நீரையும் வாங்கும் முறையைப் பரப்பினார். ஹாம்பர்க் நகரத்து வைத்தியர் பூலா என்பவர் 1875-இல், மார்பினுள் இட்ட குழலின் மறுமுனையைப் புட்டியின் நீருக்குள் அமிழ்த்தி, சீழ் வெளியேறவும் காற்று உட்புகாதிருக்கவும் வழி செய்தார். கெரிக்கே தம் பம்பின் மூட்டுக்கு இட்ட நீர்க்காவலே இங்கே நோயாளியின் சுவாசப்பைக்குக் காவலாயிற்று. அப்புட்டி எப்போதும் மார்பினும் தாழவே இருத்தல் வேண்டும். உயர்த்தின் நீர் மார்பினுள் திரும்பிப் பாயும்.

கெரிக்கே பட்ட பாடுகளை நோக்கின், இன்று சக்ஷன் யந்திரத்தைக் காப்போர் அறியவேண்டுவன யாவும் அவற்றுள் அடங்கியிருக்கக் காணலாம். முதலாவது, மரப்பீப்பாய் கற்பித்த பாடம்: கசிவுள்ள இடத்தில் வெற்றிடம் நில்லாது. யந்திரத்தை உபயோகிக்குமுன் குழாயின் வாயை விரலால் அடைத்துப் பார்த்தல் வேண்டும். முள் விரைந்து ஏறாதாயின் சாடியின் மூடியோ, வளையமோ, குழாயோ எங்கேனும் காற்றை உட்கொள்ளுகின்றது. விரலை எடுத்தபின்னும் முள் இறங்காது நிற்குமாயின் குழாயில் அடைப்புண்டு. கெரிக்கே ஒரு பீப்பாய் கசியின், வேறொன்று செய்விக்க அவகாசம் உடையவராயிருந்தார். மூச்சடைத்தவன் அருகே நிற்கும் தாதிக்கு அந்த அவகாசம் இல்லை. ஆகவே தேவை நேராத வேளையிலேயே நாள்தோறும் சோதித்து வைத்தல் கடமை. மின்கலத்தால் இயங்கும் யந்திரமாயின், அக்கலத்தில் மின்சாரம் குறையாதிருத்தலையும் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, நசுங்கிய கோளம் கற்பித்த பாடம்: அளவிறந்த வெற்றிடம் செம்பையும் நசுக்கும். மூச்சுக்குழலின் மெல்லிய தோல் எம்மாத்திரம்? ஆதலின் வளர்ந்தோருக்கு 100 முதல் 150 மில்லிமீட்டர் பாதரச அளவும், பிறந்த குழந்தைகளுக்குச் சுமார் 80 முதல் 100 வரையும் கொள்வது பெருவழக்கு. இது முழு வெற்றிடத்தில் ஐந்திலொரு பங்கினும் குறைந்ததே. குழலை உள்ளே செலுத்தும்போது உறிஞ்சாது, வெளியே வாங்கும்போதே உறிஞ்சுதல் வேண்டும்.

மூன்றாவது, மெழுகுவர்த்தி கற்பித்த பாடம். கெரிக்கே கண்ணாடிக் கலத்தினுள் மெழுகுவர்த்தியை வைத்துக் காற்றை இழுக்கச் சுடர் அவிந்தது. சிட்டுக்குருவி மூச்சற்று மாண்டது. யந்திரம் சளியை மாத்திரமன்றி நோயாளியின் உயிர்க்காற்றையும் உடன் இழுக்கின்றது. அதனால் ஒருமுறை பதினைந்து விநாடிக்கு மேற்படலாகாது. முன்னும் பின்னும் பிராணவாயு அளித்தல் நலம்.

இவற்றோடு நான்காவதொன்றும் உண்டு. அது கெரிக்கேயின் காலம் அறியாதது. கிருமிகளைக் கண்டபின் வந்தது. சாடி முக்காற்பங்கு நிரம்புமுன் கையுறையிட்டு அதனைக் காலிசெய்தல் வேண்டும். நிரம்பி வழியின் அசுத்தநீர் பம்பினுள் ஏறி யந்திரத்தைக் கெடுக்கும். அதனைத் தடுக்கும் மிதவையடைப்பும், சாடிக்கும் பம்புக்கும் இடையேயுள்ள வடிகட்டியும் சரியாயுள்ளனவா எனப் பார்த்து, நனைந்த வடிகட்டியை உடனே மாற்றுதல் வேண்டும். மீண்டும் உபயோகிக்குஞ் சாடியைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, கிருமிநாசினியில் இட்டு, உலர்த்தி வைத்தல் வேண்டும். நோயாளியின் உடலுட் செல்லும் ஒருமுறைக் குழலை மற்றொருவனுக்கு இடுதல் பெருங்குற்றமாகும்.

கெரிக்கேயின் இறுதிக்காலத்தை நோக்குவோம். 1666-இல் சக்கரவர்த்தி அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்தார். ஆயின் அவ்வாண்டிலேயே மாக்டபர்க் நகரம் பிராண்டன்பர்க் மன்னருக்கு அடிபணிந்தது. எந்தச் சுதந்திரத்துக்காக அவர் இருபதாண்டு தூது நடந்தாரோ, அது கைகூடாமற் போயிற்று. 1672-இல் தம் பரீட்சைகளை எல்லாம் தொகுத்து இலத்தீன் மொழியில் ஆம்ஸ்டர்டாம் நகரில் அச்சிட்டார். 1681-இல் கொள்ளைநோய்க்கு அஞ்சி ஹாம்பர்க்கிலிருந்த தம் மகனிடஞ் சென்று, 1686-ஆம் ஆண்டு மே மாதத்தில் எண்பத்து மூன்றாம் வயதில் காலமானார். அவர் உயிர்நீத்த அந்நகரிலேயே இரண்டு நூற்றாண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலத்தின் பின் பூலாவின் நீர்ப்புட்டி தோன்றியது சிந்திக்கத்தக்கது.

தம் பெருவேலையெனக் கருதிய நகரச் சுதந்திரத்தில் அவர் தோற்றார். ஓய்வுநேர வேலையெனச் சிலர் நகைத்திருக்கக்கூடிய பம்போ இன்றும் எண்ணிறந்தோர்க்கு மூச்சளித்து நிற்கின்றது. நம் கைவேலைகளுள் எது நிலைக்கும், எது மறையும் என்பதை நாம் அறியோம், கடவுளே அறிவர். நமக்குரியது ஒன்றே: கசிந்த பீப்பாயை மறைக்காது, கசிவென ஒப்புக்கொண்டு, அடுத்ததைச் செவ்வையாய்ச் செய்தல். நம் மாணவருள் வைத்தியசாலைப் பணிக்குச் செல்வோர், கட்டிலருகே நிற்கும் அச்சிறு யந்திரத்தின் குழாயைக் காலையில் விரலால் அடைத்து முள்ளை நோக்கும்போது, நெருப்புக்குத் தப்பிய அந்நகரத் தலைவரை ஒருகணம் நினைப்பாராக. அந்த ஒருகணச் சோதனையில் ஒருயிர் அடங்கியிருக்கக்கூடும்.