தன் இதயத்துக்குள் தானே குழாய் விட்ட டாக்டர்: இன்றைய அப்லேஷன் கதீட்டர்களுக்கு வழி திறந்த வெர்னர் ஃபோர்ஸ்மன் யார்?

இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு மாத்திரை சரிப்பட்டு வராதபோது டாக்டர்கள் சொல்லும் வழிகளில் முக்கியமானது அப்லேஷன். தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கதீட்டரை இதயம் வரை கொண்டுபோய், கோளாறான மின்சாரம் பரவும் பாதையை அடைத்துவிடுவார்கள். அந்தக் கதீட்டரிலும் இப்போது மூன்று வகை இருக்கிறது: சுடுவது, உறைய வைப்பது, மின்துடிப்பு செலுத்துவது. எது நல்லது?

அந்தக் கேள்விக்கு வருவோம். அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி. உயிரோடு இருக்கும் மனிதனின் இதயத்துக்குள் ஒரு குழாய் போகலாம், போனாலும் ஆள் சாகமாட்டார் என்பது முதலில் எப்படித் தெரிந்தது? ஒருத்தர் தன் உடம்பிலேயே செய்து பார்த்தார். அதற்காக அவருக்குக் கிடைத்தது கைதட்டல் இல்லை.

தலைமை டாக்டர் சொன்ன ‘வேண்டாம்’

வெர்னர் ஃபோர்ஸ்மன் 1904 ஆகஸ்ட் 29 அன்று பெர்லினில் பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. வக்கீலான அப்பா முதல் உலகப் போரில் இறந்துவிட்டார். பெர்லின் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து முடித்து, பக்கத்து ஊரான எபர்ஸ்வால்டேயில் ஒரு சின்ன மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பயிற்சிக்குச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் இதயம் நின்றுபோகும் ஆபத்தில் இருக்கும் நோயாளிக்கு, நெஞ்சுக்கூட்டைத் துளைத்து ஊசியை நேராக இதயத்தில் குத்தி மருந்து செலுத்துவார்கள். ஊசி நுரையீரலிலோ இதயத்தின் ரத்தக்குழாயிலோ பட்டால் கதை முடிந்தது. ஃபோர்ஸ்மனுக்கு வேறு வழி தோன்றியது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு குதிரையின் கழுத்து ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் குழாய் விட்டிருந்ததைப் படிக்கும்போது பார்த்திருந்தார். குதிரைக்கு முடியுமென்றால் மனிதனுக்கு ஏன் முடியாது? கை ரத்தக்குழாயில் இருந்து போனால் நெஞ்சைக் குத்தவே வேண்டாமே.

தலைமை டாக்டர் ரிச்சர்ட் ஷ்னைடர் யோசனையை ரசித்தார், அனுமதி தரவில்லை. இதயத்தைத் தொட்டாலே உயிர் போய்விடும் என்று பெரும்பாலான டாக்டர்கள் நம்பிய காலம் அது. நோயாளி மேல் வேண்டாம், தன் மேலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நியாயமாகப் பார்த்தால் அவர் செய்தது சரிதான்.

கட்டிப் போடப்பட்ட நர்ஸ்

கருவிகள் இருந்த அலமாரியின் சாவி, ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் கெர்டா டிட்சனிடம் இருந்தது. ஃபோர்ஸ்மன் கொஞ்சம் கொஞ்சமாக அவரிடம் விஷயத்தை விளக்கி, நம்பிக்கையைச் சம்பாதித்தார். கெர்டா சாவி கொடுக்கச் சம்மதித்ததோடு நிற்கவில்லை, சோதனையைத் தன் மேலேயே செய்துகொள்ளலாம் என்றும் முன்வந்தார்.

1929-ல் ஒரு நாள், ஆள் நடமாட்டம் குறைந்த மதிய நேரம். ஃபோர்ஸ்மன் கெர்டாவை மேஜையில் படுக்க வைத்துக் கை கால்களைக் கட்டினார். அவருக்கு மரத்துப்போகும் மருந்து போடுவதுபோல் பாவனை காட்டிவிட்டு, பின்னால் திரும்பித் தன் இடது முழங்கை மடிப்பில் போட்டுக்கொண்டார். தோலைக் கீறி, ரத்தக்குழாயைத் திறந்து, கதீட்டரை உள்ளே தள்ளினார். அது இதயத்துக்காகச் செய்த கதீட்டர் இல்லை, சிறுநீர்ப் பாதைக்கானது. அப்படி ஒரு பொருளே அப்போது உலகில் கிடையாது.

சுமார் 30 சென்டிமீட்டர் உள்ளே போன பிறகுதான் கெர்டாவின் கட்டை அவிழ்த்தார். ஏமாந்துபோன கோபம் கெர்டாவுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனாலும் கையில் குழாய் தொங்க நடந்த டாக்டரோடு கீழே இருந்த எக்ஸ்ரே அறைக்குப் போனார். திரையில் தெரிவதை ஃபோர்ஸ்மன் பார்க்கும்படி கண்ணாடி பிடித்தவரும் கெர்டாதான். தடுக்க ஓடிவந்த சக டாக்டரைச் சமாளித்துக்கொண்டே இன்னும் தள்ளினார். சுமார் 65 சென்டிமீட்டர் போனதும் குழாயின் நுனி இதயத்தின் வலது மேலறையில் நின்றது. எக்ஸ்ரே படமும் எடுத்தாயிற்று. ஆள் சாகவில்லை.

இந்தக் கதையைச் சொல்லும் பலர் கெர்டாவை வேடிக்கைப் பாத்திரம் மாதிரி கடந்துவிடுகிறார்கள். ஏமாற்றிக் கட்டிப்போட்டது இன்றைக்கு நடந்தால் டாக்டரின் பதிவே ரத்தாகியிருக்கும். அவர் கெர்டாவின் உயிரைப் பணயம் வைக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தேதான் பார்க்க வேண்டும்.

புகழ் இல்லை, வேலையும் இல்லை

அதே ஆண்டு நவம்பரில் ஒரு ஜெர்மன் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. பத்திரிகைகள் பரபரப்பாக்கின. 1912-லேயே இதை நாங்கள் செய்துவிட்டோம் என்று பெர்லின் டாக்டர் ஒருவர் உரிமை கோரினார். ஆனால் அந்தச் சோதனைக்கு எக்ஸ்ரே சாட்சி இல்லை. பெர்லினின் புகழ்பெற்ற சாரிட்டே மருத்துவமனையில் ஃபோர்ஸ்மன் சேர்ந்திருந்தார். அங்கே பெரிய தலையான ஃபெர்டினாண்ட் சாவர்ப்ருக் இதைச் சர்க்கஸ் வித்தையாகவே மதித்து அவரை வெளியேற்றினார். ஃபோர்ஸ்மன் விடாமல் தன் மேலேயே மறுபடி மறுபடி சோதித்தார். எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தைக்கூடத் தன் இதயத்துக்குள் செலுத்திப் பார்த்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் இதயத்தை விட்டுவிட்டு சிறுநீரகவியலுக்குப் போய்விட்டார். 1933-ல் டாக்டர் எல்ஸ்பெத் எங்கெலைத் திருமணம் செய்துகொண்டார். ஆறு பிள்ளைகள்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்க முடியாது. ஃபோர்ஸ்மன் 1932-ல் நாஜி கட்சியில் சேர்ந்தார். 1945 வரை உறுப்பினராகவே இருந்தார். போரில் ராணுவ டாக்டராக வேலை பார்த்து, போர்க் கைதியானார். போர் முடிந்த பிறகு அந்தக் கட்சித் தொடர்புக்காகச் சில காலம் மருத்துவம் பார்க்கத் தடை இருந்தது. குடும்பம் கருங்காட்டுப் பகுதியில், எல்ஸ்பெத்தின் மருத்துவத் தொழிலை நம்பி வாழ்ந்தது. 1950-ல் பாட் கிராய்ட்ஸ்நாக் என்ற ஊரில் சிறுநீரக டாக்டராக மறுபடி தொடங்கினார்.

இதற்கிடையில் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஆந்த்ரே கூர்னாந், டிக்கின்சன் ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் அவருடைய கட்டுரையைப் பிடித்துக்கொண்டு 1940-களில் வேலையில் இறங்கியிருந்தார்கள். கதீட்டரை வைத்து இதய அறைகளின் அழுத்தத்தையும் ரத்த ஓட்டத்தையும் அளந்தார்கள். 1956-ல் மருத்துவ நோபல் பரிசு மூவருக்கும் சேர்த்து வந்தது. அதற்குள் ஃபோர்ஸ்மன் இதய மருத்துவத்தில் ரொம்பவே பின்தங்கியிருந்தார். திரும்ப அந்தத் துறைக்குள் போகவில்லை. 1958-ல் டுசெல்டார்ஃபில் அறுவை சிகிச்சைப் பிரிவுத் தலைவரானார். 1979 ஜூன் 1 அன்று இதயம் செயலிழந்து இறந்தார்.

அளந்த குழாய், சிகிச்சை செய்யும் குழாய் ஆனது

கதீட்டர் இதயத்தின் உள்சுவரைத் தொட்டால் சில துடிப்புகள் தப்பும் என்பது உண்மைதான். அந்தப் பயம் முழுக்கக் கற்பனை இல்லை. ஆனால் நுனியில் சின்ன மின்முனைகளை வைத்தால், இதயத்தின் மின்சாரம் எங்கே ஓடுகிறது என்று உள்ளிருந்தே கேட்கலாம் என்பது 1960-களின் இறுதியில் நிரூபணமானது. 1982-ல் அமெரிக்க டாக்டர்கள் கதீட்டர் வழியாக டிஃபிப்ரிலேட்டரின் ஷாக்கைக் கொடுத்து, கோளாறான துடிப்பு கீழறைகளுக்குப் பரவும் பாதையைத் துண்டித்ததை வெளியிட்டார்கள். ஃபோர்ஸ்மன் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஷாக் முரட்டுத்தனமானது, சுற்றியிருக்கும் திசுவையும் கிழிக்கலாம். அதனால் சில ஆண்டுகளிலேயே ரேடியோ அலை வெப்பம் அதன் இடத்தைப் பிடித்தது.

1998-ல் பிரான்சின் போர்தோ நகர டாக்டர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைத் தூண்டும் தப்பான துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரலில் இருந்து இதயத்துக்கு வரும் ரத்தக்குழாய்களுக்குள் கிளம்புகின்றன. அந்தக் குழாய்களின் வாயிலைச் சுற்றி வேலி போட்டால் போதும். மூன்று வகைக் கதீட்டர்களும் போடுவது அந்த வேலியைத்தான்.

ரேடியோ அலைக் கதீட்டர் புள்ளி புள்ளியாகச் சுடும். நுனி அதிகம் சூடாகி ரத்தம் கருகாமல் இருக்க உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும். வேண்டிய இடத்தில் மட்டும் சுடலாம் என்பது இதன் பலம். நேரமும் டாக்டரின் கைத்திறனும் அதிகம் தேவை. இதயத்தின் இடது மேலறைக்குப் பின்னாலேயே உணவுக்குழாய் இருப்பதால், மிக அரிதாக வெப்பம் அதில் துளை விடும் ஆபத்து உண்டு. அது உயிருக்கே உலை வைக்கும்.

உறைய வைக்கும் பலூன் வாயிலை அடைத்து, ஒரே மூச்சில் வட்டமாக வேலை முடிக்கும். நேரம் மிச்சம். பக்கத்தில் ஓடும், உதரவிதானத்தை அசைக்கும் நரம்பு குளிரில் அடிபடலாம், பெரும்பாலும் அது தானே சரியாகிவிடும். 2016-ல் வந்த, 762 பேர் பங்கேற்ற ஒப்பீட்டு ஆய்வில் இந்த இரண்டுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

புதிதாக வந்தது மின்துடிப்பு வகை. சூடும் இல்லை, குளிரும் இல்லை. கண நேர உயர் மின்னழுத்தம் இதயத் தசைச் செல்களின் சவ்வில் ஓட்டை போடும். உணவுக்குழாயும் நரம்பும் அதற்குப் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆனால் இதய ரத்தக்குழாய் திடீரெனச் சுருங்குவது, ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பது என்று இதற்கும் சொந்தமாகச் சில தொல்லைகள் உண்டு. 2023-ல் 607 பேரிடம் செய்த ஆய்வில் ஓராண்டு முடிவில் இதில் பலன் கண்டவர்கள் சுமார் 73 சதவீதம். சூடு அல்லது குளிர் சிகிச்சை பெற்றவர்களில் 71 சதவீதம்.

ஆக, எந்தக் கதீட்டர் என்பதைவிட, அதை யார் பிடிக்கிறார், எத்தனை பேருக்கு அந்த வகையில் செய்திருக்கிறார் என்று கேட்பது உங்களுக்கு அதிகம் உதவும். மூன்று வகையிலும் கால்வாசிப் பேருக்கு மேல் பிரச்சினை திரும்பி வரலாம், இரண்டாம் முறை செய்ய வேண்டியிருக்கலாம் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

எபர்ஸ்வால்டேயில் அந்த மருத்துவமனை இப்போதும் இருக்கிறது. தலைமை டாக்டர் தடுத்த பயிற்சி டாக்டரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள்.