வான்வழி கண்ட ஜே. ஆர். டி. டாட்டா



நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, ஏறத்தாழ ஒரு வார காலம் கடலில் மிதந்து மலாயா வந்து சேர்ந்தனர். ஊரிலிருந்து வரும் கடிதத்திற்காகப் பல நாள் வழிமேல் விழிவைத்துக் காத்திருந்தனர். இன்றோ, நம் பாரோய் வட்டாரத்திற்கு அருகேயுள்ள சிப்பாங் விமான நிலையத்திலிருந்து, ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கு 4 மணி நேரத்தில் பறந்து செல்லலாம். தொலைவு மாறவில்லை, பயண நேரமே குறைந்தது. இந்திய மண்ணில் இம்மாற்றத்திற்கு வித்திட்ட பெருமகனாரின் வரலாற்றைக் காண்போம்.

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா 1904ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் இந்தியப் பார்சி இனத்தவர். தாயார் பிரெஞ்சு நாட்டவர். 1909இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் கடந்த பிளேரியோவின் இல்லம், இவர்களது கோடைக்கால வீட்டின் அருகில் இருந்தது. விமானங்களைக் கண்டு வளர்ந்த சிறுவன், தானும் பறக்க வேண்டுமென உறுதிபூண்டான். 1929 பிப்ரவரி 10இல், இந்தியாவில் வழங்கப்பெற்ற முதலாம் எண் விமானி உரிமம் அவருக்குக் கிடைத்தது.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனித்துப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் பரிசு அறிவித்தார். 1930இல் டாட்டா கராச்சியிலிருந்து புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்னும் 17 வயது இளைஞர் இங்கிலாந்திலிருந்து எதிர்த்திசையில் வந்தார். எகிப்து நாட்டில் இருவரும் சந்தித்தனர். ஆஸ்பியோ மாற்று ஸ்பார்க் பிளக் இல்லாது தவித்துக்கொண்டிருந்தார். டாட்டா தம்மிடமிருந்ததைத் தயங்காது கொடுத்தார். ஆஸ்பி சில மணி நேரம் முந்திச் சென்று பரிசை வென்றார். டாட்டாவுக்குப் பரிசு கைநழுவியது, பண்பு நிலைத்தது. அந்த ஆஸ்பியே பின்னாளில் இந்திய விமானப்படைத் தலைவரானார்.

அக்காலத்தில் இலண்டன் விமானத் தபால் கராச்சியில் வந்திறங்கும். தென்னகக் கடிதங்கள் அங்கிருந்து இரயிலில் செல்லும். இக்குறையைப் போக்க நெவில் வின்சென்ட் என்னும் முன்னாள் விமானப்படை வீரர் ஒரு திட்டம் கொணர்ந்தார். டாட்டா அதனைச் செயற்படுத்தினார். 1932 அக்டோபர் 15 காலை 6.35க்கு, 25 கிலோ கடிதங்களுடன் ஒரு சிறிய ஒற்றை எஞ்சின் விமானத்தில் கராச்சியிலிருந்து கிளம்பினார். வழிகாட்ட வானொலிக் கருவியும் இல்லை. அகமதாபாத்தில் விமானத்திற்கான எரிபொருள் மாட்டு வண்டியில் வந்தது! பிற்பகல் 1.50க்குப் பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து வின்சென்ட் பெல்லாரி வழியாகப் பறந்து, மறுநாள் கடிதங்களைச் சென்னையில் சேர்த்தார்.

அச்சிறு தபால் சேவையே வளர்ந்து 1946இல் ஏர் இந்தியா ஆயிற்று. 1948 ஜூன் 8இல் அதன் விமானம் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. 1953இல் அரசுடைமையான பின்னரும், 1978 வரை டாட்டாவே தலைவராக விளங்கினார். 1982இல், தம் 78ஆம் வயதில், இளைஞருக்கு ஊக்கமூட்டும் பொருட்டு அதே கராச்சி–பம்பாய் வழியில் பழைய சிறு விமானமொன்றைத் தனியே ஓட்டி வந்தார். 1992இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், 1993 நவம்பர் 29இல் ஜெனீவாவில் மறைந்தார்.

மாணவர்களே! தேர்வு நாளில் எழுதுகோலின்றித் தவிக்கும் தோழனுக்கு உங்களிடமுள்ள மற்றொன்றைக் கொடுத்து உதவுங்கள். அவன் உங்களை முந்தினாலும் வருந்தாதீர்கள். பெற்றோர்களே! 25 கிலோ கடிதங்களில் தொடங்கிய சேவை உலகெங்கும் பறந்ததை எண்ணி, உங்கள் பிள்ளைகளின் சிறு முயற்சிகளையும் ஊக்குவியுங்கள்.

வாழ்க டாட்டாவின் புகழ்!