மதிலுக்குள் ஒரு நூலகம்

1669ஆம் ஆண்டு பெப்ருவரி 24ஆம் நாள், மெக்சிக்கோ நகரத்திலுள்ள புனித ஜெரோம் கன்னியர் மடத்தில், இளம்பெண் ஒருத்தி நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தாள். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்றோடு, உயிர் உள்ளளவும் மடத்து மதிலைக் கடப்பதில்லை என்ற நான்காவது வாக்கையும் அளித்து, மடத்தின் ஏட்டிலே கையொப்பமிட்டாள். அன்றுமுதல் உலகம் அவரைச் சோர் ஹுவானா இனேஸ் தே லா குரூஸ் என்று அறிந்தது. ஸ்பானிய மொழியின் பெருங்கவிஞருள் ஒருவராக அவரை இலக்கிய உலகம் இன்றும் போற்றுகின்றது.

துறவு என்றதும் உலகை வெறுத்து ஓடியவர் என்றே நாம் எண்ணிக்கொள்கின்றோம். இவ்வம்மையார் வரலாற்றைப் படிக்குந்தோறும் அவ்வெண்ணம் என்னிடத்தே தளர்ந்து போகின்றது. அவர் ஓடியது நூல்களை நோக்கியேயாம்.

நெபாந்த்லா என்னும் சிற்றூரிலே, முறைப்படி மணம் புரியாத பெற்றோருக்குப் பிறந்தவர் ஹுவானா. மூன்று வயதில் தமக்கையின் பின்னே பள்ளிக்குச் சென்று, தாயின் கட்டளையென்று பொய் சொல்லி எழுத்தறிந்தார். பாட்டனாரின் நூல்களே அவருக்கு ஆசிரியராயின. ஆண் உடை தரித்தாயினும் பல்கலைக்கழகம் செல்ல வேண்டுமென்று தாயை வேண்டினார், அது கைகூடவில்லை. இலத்தீன் பாடங்களைக் குறித்த காலத்துள் கற்று முடியாவிடின், தண்டனையாகத் தம் கூந்தலைத் தாமே கத்தரித்துக்கொள்வாராம். பின்னர் அரசப் பிரதிநிதியின் மனைவிக்குத் தோழியாகி, அரண்மனையிலே அறிவாற்றலால் புகழெய்தினார்.

அக்காலத்துப் பெண்ணுக்கு இருந்த வழிகள் இரண்டே: மணவாழ்க்கை, அல்லது மடம். மணத்தில் அவருக்குச் சற்றும் விருப்பமில்லை. 1667இல் கடுந்தவம் மிக்க கார்மேல் மடத்தில் நுழைந்து, சில திங்களில் வெளியேறினார். பின்னரே ஜெரோம் மடத்தை அடைந்தார். அங்கு சேர மூவாயிரம் பேசோ சீதனம் கட்ட வேண்டியிருந்தது. அதனைச் செல்வர் ஒருவர் கொடுத்துதவினார்.

மதில் அடைத்தது, ஆனால் உள்ளே தனியறையும் ஓய்வும் கிடைத்தன. நூல்களும், இசைக் கருவிகளும், விஞ்ஞானக் கருவிகளும் அவ்வறையில் நிறைந்தன. மடத்தின் கணக்கையும் அவரே பார்த்தார். 1689இல் அவர் கவிதைத் தொகுதி மட்றிட் நகரில் அச்சேறியது. மதிலைத் தாண்டாத அவர் பெயர் கடலைத் தாண்டிற்று.

சோதனை 1690இல் வந்தது. யேசு சபைக் குருவாகிய வியெய்ராவின் பிரசங்கமொன்றை மறுத்து அவர் எழுதியதைப் புவேப்லா மேற்றிராணியார் வெளியிட்டு, ஒரு கன்னியாஸ்திரியின் பெயரிலே மறைந்துநின்று, உலகக் கல்வியைக் குறைத்துக்கொள்ளும்படி அறிவுரையும் கூறினார். 1691இல் ஹுவானா விடையெழுதினார். தம் கல்வி வரலாற்றையே சான்றாக வைத்து, பெண் கற்பது பாவமன்று என்று அதில் வாதாடினார். அவர் காலமான பின்னர், 1700இல் அது நூலில் வெளிவந்தது.

ஆயினும் 1694இல் அவர் தம் வார்த்தைப்பாட்டைப் புதுப்பித்து, விசுவாச அறிக்கையிலே குருதியால் கையொப்பமிட்டார். நூல்களை விற்று ஏழைகளுக்கு ஈந்தாரென்பர். மனம் மாறினாரா, பணிய வைக்கப்பட்டாரா என்பதில் அறிஞர் இன்றும் இரு கட்சியாய் நிற்கின்றனர்.

நான் எக்கட்சியையும் முற்றாக ஏற்கத் துணியேன். 1695இல் கொள்ளைநோய் மடத்துட் புகுந்தபோது, நோயுற்ற சகோதரிகளைப் பேணிய அவர், அந்நோயினாலேயே ஏப்பிரல் 17ஆம் நாள் மாண்டார். உயிர் உள்ளளவும் என்று சொன்ன வாக்கு அவ்வாறு நிறைவேறிற்று. ஆகவே அவர் கொடுத்த வார்த்தைப்பாடு பொய்யென்று சொல்ல என் நா எழவில்லை. ஆனால் கல்வியை நாடிய பெண்ணுக்கு அவ்வொரு கதவையே திறந்துவிட்டு, அதற்குள்ளும் நூலைக் கீழே வை என்று சொன்ன காலத்தை மன்னிக்கவும் மனம் ஒப்பவில்லை.

அந்த மடத்துக் கட்டடத்தில் இன்று அவர் பெயரால் ஒரு பல்கலைக்கழகம் நடைபெறுகின்றது. ஆண் உடை தரியாமலே பெண்கள் அங்கே கற்கின்றனர்.