காந்திகிராமத்து அன்னை டாக்டர் சௌந்தரம்

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியில், சின்னாளப்பட்டியின் அருகே அமைந்துள்ளது காந்திகிராமம். அதை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் வாழ்க்கை, மாணவியராகிய நாம் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய ஒன்றாகும்.

தொழிலதிபர் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாக 1904ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தார். அக்கால வழக்கப்படி சிறுவயதிலேயே மணம் நடந்தது. மருத்துவரான கணவர், பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்தபோது அந்நோய் தொற்றி 1925இல் இறந்தார். கைம்பெண்களை வீட்டு மூலையில் முடக்கிய காலம் அது. சௌந்தரமோ மீண்டும் புத்தகத்தைக் கையில் எடுத்தார். டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் பயின்று 1936இல் மருத்துவரானார். 1940இல், காந்தியடிகளின் ஆசியுடன் ஜி. இராமச்சந்திரனை மறுமணம் புரிந்தார்.

1947இல் கணவரும் மனைவியும் காந்திகிராமத்தைத் தொடங்கினர். இரண்டு படுக்கைகளுடன் தோன்றிய மருத்துவமனை வளர்ந்தது. பள்ளிகளும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. 1956இல் தோன்றிய கிராமிய நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. நகரத்தைத் தேடிக் கிராமத்துப் பெண் செல்ல வேண்டியிருந்த கல்வி, அவளைத் தேடி வந்தது.

1952இல் ஆத்தூரிலும் 1957இல் வேடசந்தூரிலும் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அம்மையார், 1962இல் திண்டுக்கல் மக்களவை உறுப்பினராகி மத்தியக் கல்வித் துணை அமைச்சரானார். பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்தாண்டுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி என்று 1950ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் வகுத்த இலக்கு, அப்போதே தவறிப்போயிருந்தது. அவர் பதவியில் இருந்தபோது, 1964இல் கோத்தாரி கல்விக் குழு அமைந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பள்ளி, ஏழைப் பிள்ளைக்கு மற்றொரு பள்ளி என்னும் பிரிவினை நீங்க, அருகிலுள்ள பொதுப் பள்ளியிலேயே அனைவரும் சேர்ந்து படிக்க வேண்டுமென 1966இல் அக்குழு பரிந்துரைத்தது. நாடு முழுவதும் அது நிறைவேறவில்லை. ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி உரிமை என்னும் சட்டம்கூட 2010இல்தான் நடைமுறைக்கு வந்தது.

1984இல் அம்மையார் மறைந்தார். 2005இல் அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியாயிற்று.

எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று இன்று நம் பெற்றோர் பலமுறை ஆலோசிக்கிறார்கள். அன்றோ, தேர்ந்தெடுக்க ஒரு பள்ளிகூட அருகில் இல்லாத பெண்கள் பல்லாயிரம். அவர்களுக்காகக் கதவைத் திறந்தவர் அவர். தோழியரே, நம் தெருவில் படிப்பை நிறுத்திய சிறுமி ஒருத்தி இருந்தால், அவளை மீண்டும் பள்ளிக்கு அழைத்து வருவோம். அன்னைக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.