கண்டிப்புக்குச் சினம் வேண்டியதில்லை

ஹட்டன், நுவரெலியா தோட்டப்புறங்களில் இளைஞர்களுக்கு உதைபந்தாட்டம் பயிற்றுவிப்போர், சினந்து வசைபாடுவதே கட்டொழுங்கு எனக் கருதலாகாது. 1909இல் ஹைதராபாத்தில் பிறந்த செய்யித் அப்துல் ரஹீமின் வாழ்வை அவர்களுக்கு நாம் நினைவூட்டுகின்றோம்.

பாடசாலை ஆசிரியரான அவர் 1950இல் இந்திய அணியின் பயிற்றுவிப்பாளரானார். கண்டிப்பானவர், ஆயினும் வீரரின் ஆற்றலை அறிந்தே பணித்தார். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காமிடம் பெற்றது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவின்போது புற்றுநோய் அவரை வாட்டியது. தலையில் காயமுற்ற பின்கள வீரர் ஜர்னைல் சிங்கை அவர் ஒதுக்கவில்லை, முன்களத்தில் நிறுத்தினார். இறுதியாட்டத்தில் ஜர்னைல் கோல் அடித்தார். தென்கொரியாவை 2–1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. 1963 ஜூனில் ரஹீம் மறைந்தார்.

துரைமாரினதும் கங்காணிமாரினதும் அதட்டலைத் தலைமுறைகளாகச் சுமந்த சமூகத்தின் பிள்ளைகளுக்கு, மைதானத்திலேனும் மரியாதை கிட்டவேண்டும்.